குரல் கொடுக்காமல் வயலுக்குப் போனவர்

எங்கள் அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு. திவசத்துக்கு வந்து, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கை எழுதுவது. சாந்தமாக எழுதச் சொன்னார் சித்தப்பா. எனக்கு வரவில்லை. சாப்பிட்டுவிட்டே படியுங்கள்.

அண்ணன் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, நம் ஊரில், அப்பா கட்டிய ஓட்டு வீட்டில் பிறந்தார். பாம்பு கடித்து அப்பா இறந்தபோது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை மூடிவிட்டு மண்வெட்டியை எடுத்தார். நான் டீச்சரானது அந்த மண்வெட்டியால்தான். புயலில் ஊரே சாய்ந்தபோது மற்றவர்களுக்குக் கூரை போட்ட பிறகே தன் கூரைமேல் ஏறினார். கோபம் வந்தால் சாப்பிடாமல் எழுந்துவிடுவார். அப்புறம் அண்ணி கூப்பிடமாட்டாரா என்று அடுப்படியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

சில வருடங்களாக நம் பக்கம் காட்டுப்பன்றித் தொல்லை. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் இறங்கி வயலையே உழுதுவிட்டுப் போகும். குறைதீர் கூட்டத்தில் ஊர்க்காரர்கள் துப்பாக்கி லைசன்ஸ் கேட்டு மனுக் கொடுத்தார்கள். முன்னால் நின்றவர் அண்ணியின் தம்பி. மலரின் மரியாதை கருதி ‘அவர்’ என்று எழுதுகிறேன், அவ்வளவுதான்.

“பன்னி என்ன லைசன்ஸ் வாங்கிக்கிட்டா எறங்குது? கவர்மெண்டு குடுக்கலன்னா நாங்களே செஞ்சுக்குவோம்” என்றார் அவர்.

அண்ணன் எழுந்தார். “லைசன்ஸ் துப்பாக்கிக்காவது ஒரு கணக்கு இருக்கு மாப்ள. எலெக்சன் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். பட்டறையில அடிச்சதுக்கு யாரு கணக்கு வைப்பா? நெல்லு போனா அடுத்த போகம் இருக்கு. உசுரு போனா?”

கூட்டம் சிரித்தது. லைசன்ஸ் கிடைக்கவில்லை. அடுத்த சம்பாவுக்குள் ஊருக்கு நாட்டுத் துப்பாக்கி வந்துவிட்டது. யாரிடம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. கூடவே ஒரு புதுப் பழக்கமும் வந்தது. விடியலில் வயலுக்குப் போகிறவர்கள், பன்றி என்று நினைத்துச் சுட்டுவிடாதபடி, “ஆளு வருது, ஆளு வருது” என்று குரல் கொடுத்துக்கொண்டே வரப்பில் நடந்தார்கள். அண்ணன் மட்டும் மறுத்தார்.

“என் வயலுக்குப் போவ நான் எதுக்குச் சத்தம் போடணும்? துப்பாக்கி வச்சிருக்கவன் சத்தம் போடட்டும்” என்றார்.

மார்கழிக் கடைசியில், ஒரு விடியலில் மடையை அடைக்கக் குனிந்தவர்மேல் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். கொக்கு சுட வந்த வெளியூர்க்காரன் வேலை என்றார் அண்ணியின் தம்பி. எங்களைவிட அதிகமாக அழுதார். “ஒரு குரல் குடுத்திருந்தா உசுரோட இருந்திருப்பாரு” என்று உங்களில் சிலர் சொன்னீர்கள். சொன்ன முகங்கள் எனக்கு மறக்கவில்லை. இன்றைக்குப் பாயசம் ருசியாக இருந்ததா?

கருமாதியன்று, தாய்மாமன் முறை என்று அவரே வந்து அண்ணன் மகனுக்கு உருமா கட்டினார். அப்பனை இழந்த பிள்ளையின் தலையில் வெள்ளைத் துணியை அந்தக் கை எத்தனை நிதானமாகச் சுற்றியது! அதன்பின் வழக்கப்படி அண்ணியைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஒரு வாரத்துக்குள் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனில் இருந்தது. அவர் கைதானார், இப்போது ஜாமீனில் இருக்கிறார். துப்பாக்கியை யார் கொடுத்தது என்று போலீஸ் சொல்லவில்லை. நான்தான் காட்டிக் கொடுத்தேன் என்று ஊர் பேசியது. நான் மறுக்கவில்லை. அந்தக் கெட்ட பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது சமாதானம் பேச வருகிறீர்கள். லைசன்ஸ் கொடுத்திருந்தால் கள்ளத் துப்பாக்கி வந்திருக்காது என்று அரசாங்கத்தின் மேல் பழியைப் போடுகிறீர்கள். அந்த வாதத்தை விவரம் தெரிந்தவர்கள் பேசிக்கொள்ளட்டும். அரசாங்கமா எங்கள் வயலில் விசையை இழுத்தது? அன்று கூட்டத்தில் அவர் பேசியதை வார்த்தை மாறாமல் கோர்ட்டில் சொல்வேன். அவர் ஜெயிலுக்குள் போய், பின்னால் கதவு சாத்தப்படுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும். அதுவரை யாரும் என் வாசலில் பஞ்சாயத்துக்கு வந்து நிற்க வேண்டாம்.

அண்ணனைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி ரோடுவரை ஓடிய பக்கத்து வயல் பெண்களுக்கும், ஆம்புலன்ஸ் ஓட்டிய தம்பிக்கும், தயங்காமல் சாட்சிக் கையெழுத்துப் போட்ட பால்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அச்சுக்கு அனுப்புமுன் இதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். என்ன இருந்தாலும் தன் தம்பி ஆயிற்றே, சில வரிகளை அடிக்கச் சொல்வார் என்று பயந்தேன். முழுவதையும் கேட்டார்.

“ஒண்ணு விட்டுப்போச்சும்மா” என்றார் பிறகு. “பொறந்த வீட்டு வைக்கப்போர்லேர்ந்து துப்பாக்கிய எடுத்துக் குடுத்தது நான். எம்புள்ள தலையில அவன் கட்டுன உருமாவுலதான் சுத்தி எடுத்துட்டுப் போனேன். அதையும் எழுதிடு.”

எழுதிவிட்டேன், அண்ணி.