வருகிறேன் என்று சொல்லிவிட்டு

பிரெஞ்சுப் பாடத்தை நான் எடுத்தது வீம்புக்கு. மாணவர் பரிமாற்றத்தில் ஒரு வருஷம் மாண்ட்ரியல் போகிறேன் என்றதும், எங்கள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், உனக்கு ஆங்கிலமே தகராறு, சுலபமான பாடமாகப் பார்த்து எடு என்று வகுப்பு முழுவதும் கேட்கச் சொன்னார். விமானம் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன். வந்த வாரமே பிரெஞ்சுக்குப் பெயர் கொடுத்தேன். விலகிக்கொள்ளும் கெடு முடிந்த பிறகுதான் விதிமுறைத் தாளை முழுதாகப் படித்தேன். ஒரு பாடத்தில் தோற்றாலும் ஊரில் அந்த வருஷம் செல்லாது. ஏப்ரலில் நடக்கும் வாய்மொழித் தேர்வில் தேறாவிட்டால், திரும்பிப் போய் ஜூனியர்களோடு உட்கார்ந்து மூன்றாம் ஆண்டை மறுபடி படிக்க வேண்டும். அதே பேராசிரியரிடம்.

தங்கியிருந்தது பார்க் எக்ஸ்டென்ஷனில், ஒரு யாழ்ப்பாணத்து அக்காவின் வீட்டு அறையில். படித்த வேளாண் வளாகமோ மாண்ட்ரியல் தீவின் மறுகோடியில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில். மெட்ரோ, பிறகு ஒரு பேருந்து, பிறகு இன்னொன்று. வழி முழுவதும் பிரெஞ்சு வினைச்சொற்களை முணுமுணுத்துக்கொண்டே போவேன். பக்கத்தில் இருப்பவர்கள் ஏதோ ஜெபம் என்று நினைத்து மரியாதையாக நகர்ந்து உட்கார்வார்கள்.

வளாகத்தின் பசுமைக்குடிலில் எனக்கு வாரம் நான்கு நாள் செய்முறை வகுப்பு. குடிலைப் பார்த்துக்கொண்டவர் நாற்பது வயதை ஒட்டிய கியூபெக் பெண்மணி. தக்காளி நாற்றுகளுக்குத் தண்ணீர் விடும் நேரத்தில் என்னோடு பிரெஞ்சில் மட்டும் பேச முடியுமா என்று கேட்டேன். நான் ஆங்கிலத்துக்குத் தாவக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். வகுப்பில் ஒரு மாதமாக மண்டையில் ஏறாதது அவரிடம் ஒரே வாரத்தில் ஏறியது.

அக்டோபரில் ஒரு மாலை, வேலை முடிந்து பையை எடுத்தேன். கிளம்பும்போது போகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தெருமுனைக் கடைக்குப் போனாலும் வருகிறேன் என்று சொல்லித்தான் பழக்கம். அதற்கான வினைச்சொல்லை அன்று காலைதான் கற்றிருந்தேன். “ஜெ ரெவியன்” என்றேன். திரும்பி வருகிறேன் என்று பொருள். அவர் தலையாட்டினார். இலக்கணப் பிழையில்லாமல் ஒரு வாக்கியம் பேசிவிட்ட பெருமையோடு நான் பேருந்து ஏறினேன்.

மறுநாள் அவர் என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். அதற்கடுத்த நாளும் அப்படியே. குரலில் கோபமே இல்லை. தயவுசெய்து, நன்றி எல்லாம் சரியாக இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

அன்று மாலை அக்காவிடம் சொன்னேன். அவர் ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், வேலை பார்ப்பவர். கிளம்பும்போது நான் என்ன சொன்னேன் என்று மட்டும் கேட்டார். சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

“நீர் வாறன் எண்டு சொல்லிட்டு வந்திருக்கிறீர். அவ குடிலைப் பூட்டாமல் உம்மைப் பாத்துக்கொண்டு இருந்திருப்பா. இவையளுக்கு வாறன் எண்டா வாறதுதான், தங்கச்சி.”

வந்த புதிதில் தானும் ஒரு டெபனரில், அதாவது தெருமுனைக் கடையில், இதையே சொல்லிவிட்டு வந்ததாகவும், கடைக்காரர் கதவைச் சாத்தாமல் நின்றதாகவும் சொன்னார். பிறகு அந்தப் பெண்மணிக்குச் சின்னப் பிள்ளை உண்டா என்று கேட்டார். மூன்று வயதில் ஒரு மகள், வளாகத்துக்குப் பக்கத்திலேயே கார்டெரியில் விடுகிறார் என்றேன். தன் காப்பகத்தில் கடைசியாக மிஞ்சும் பிள்ளை, கோட்டும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு கதவுக்கு நேரே நிற்கும், உட்காரச் சொன்னாலும் உட்காராது என்றார் அக்கா. நான் தட்டைத் தள்ளி வைத்தேன். அவமானமாக இருந்தது.

மறுநாள் குடிலில் மன்னிப்புக் கேட்டேன், பிரெஞ்சில், எழுதி மனப்பாடம் செய்து. எங்கள் மொழியில் விடைபெறுவது எப்படி என்றும் திக்கித் திணறி விளக்கினேன். ஒரு மணி நேரம் காத்திருந்ததாக அவர் சொன்னார். மகள் அழுதாள் என்றார். பரவாயில்லை என்றார். எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே சொன்னார்.

நான் விடவில்லை. அவர் போட்ட நிபந்தனை என்னோடு இருந்தது. ஆங்கிலத்துக்குத் தாவ மாட்டேன். அவர் ஆங்கிலத்தில் கேட்பார், நான் பிரெஞ்சில் பதில் சொல்வேன். பக்கத்து மேசைப் பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கிளம்பும்போது மட்டும் ஒரு சொல்லும் சொல்லாமல், கையை அசைத்துவிட்டு ஓடிவிடுவேன். இப்படி மூன்று வாரம் போனது. வெளியே முதல் பனி விழுந்த நாளில், குடிலுக்குள் நல்ல சூடு என்று சொல்லப் போய், பசுமைக்குடிலை ஆண்பாலாக்கி “லெ சேர்” என்றேன். நாற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே அவர் சொன்னார்:

“லா சேர்.”

பெண்பால். மூன்று வாரத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் பிரெஞ்சு, அவ்வளவுதான். அன்று வீட்டுக்கு வந்து அக்காவிடம், என்னைத் திருத்திட்டாங்க அக்கா என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். திட்டு வாங்கியதற்கு இப்படிச் சந்தோஷப்படும் பிள்ளையைத் தான் பார்த்ததில்லை என்றார் அக்கா.

குளிர்காலம் முழுவதும் அவர் திருத்தினார், நான் பிழை விட்டேன். ஏப்ரல் தேர்வில் நேரம் சொல்வது, வழி கேட்பது, ஒரு சம்பவத்தை விவரிப்பது என்று மூன்று பகுதிகள். சம்பவத்துக்கு ஜெ ரெவியன் கதையைச் சொன்னேன். தேர்வாளர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். தேறிவிட்டேன். நேரம் சொல்லும் பகுதியில் முழு மதிப்பெண்.

ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் குடிலுக்குப் போனேன். அவருடைய மகளும் வந்திருந்தாள், ஒரு மண்தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு. கதவருகே நின்று, பாடப்புத்தகத்தில் விடைபெறுவதற்கு உள்ளபடி ஒழுங்காக “ஒ ரெவ்வா” என்றேன். அவர் முகத்தைச் சுளித்தார். அது எங்கள் ஊர் வழக்கம், உங்கள் ஊர் வழக்கப்படி சொல் என்றார்.

“ஜெ ரெவியன்” என்றேன்.

அவர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, பிரெஞ்சில், நிதானமாகக் கேட்டார்:

“எத்தனை மணிக்கு?”

நேரம் சொல்லும் பகுதியில் முழு மதிப்பெண் வாங்கிய நான், அவருடைய கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.