அண்ணி தோற்ற ஓட்டெடுப்பு

எங்கள் அண்ணி குடிமையியல் டீச்சர். அதே பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். கணக்குக்கு இருக்கிற மவுசு அவர் பாடத்துக்குக் கிடையாது. பாட அட்டவணையில் அது ஒப்புக்குச் சப்பாணி.

அந்தப் பாடத்தின் கதையை வருடா வருடம் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார். அடங்கி நடக்கப் பழக்கத்தான் முதலில் இதைப் பள்ளியில் வைத்தார்களாம். வரிசையில் நில், வரியைக் கட்டு, வாயை மூடு. ஓட்டு எல்லார் கைக்கும் வந்த பிறகுதான் கேள்வி கேட்கவும் பழக்க வேண்டும் என்று தோன்றியதாம். "நம்ம புத்தகத்துல ரெண்டும் கலந்து கெடக்கு. எது எதுன்னு பிரிக்கிறது உங்க வேலை" என்பார்.

அவர் வகுப்பில் ஜன்னலைத் திறப்பதற்குக்கூட ஓட்டு உண்டு. எதிர்த்துப் பேசுகிறவர் முதலில் எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எதிராளி "ஆமா, அதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகே தன் கட்சியைப் பேசலாம். வீட்டிலும் இதே சட்டம். அதனாலேயே அண்ணன் சண்டை போடுவதை விட்டுவிட்டார்.

போன வருடம் ஒரு பிள்ளை எழுந்து, "மிஸ், வெள்ளிக்கிழமை உங்க பீரியடை விளையாட்டுக்கு மாத்தலாமான்னு ஓட்டு போடலாமா?" என்றது. அண்ணி மறுத்திருக்கலாம். நடத்தினார். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதுதான். நாலைந்து பேர் தவிர வகுப்பே விளையாட்டுக்குக் கை தூக்கியது.

தலைமையாசிரியருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. "பிள்ளைங்களுக்கே வேண்டாமாம். பரீட்சை வேற வருது, கணக்குல வீக். அந்தப் பீரியட் கணக்குக்கு. அடுத்த வருஷம் பாடத்தையே எடுத்துடலாம்" என்றார்.

"ஓட்டுக்கு விடாம இருந்திருக்கலாம்ல அண்ணி?" என்றேன் வீட்டில்.

"தோக்குறப்ப மட்டும் ஓட்டு வேண்டாம்னா, இத்தனை வருஷமா நான் என்னத்த நடத்தினேன் தம்பி?" எனக்குத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தப் பீரியடுக்கு நான் சாக்பீஸோடு போனால், வகுப்பு காலி. எல்லாரும் தலைமையாசிரியர் அறை வாசலில் சத்தமில்லாமல் நின்றிருந்தார்கள். ஒருத்தி மட்டும் பேசினாள்.

"சார், பரீட்சை வருது, கணக்குல நாங்க வீக், அதனால மாத்துனீங்க. சரியா?"

"ஆமா, அதான்" என்றார் அவர், தன்னையறியாமல்.

"இப்ப எங்க பக்கம். நாங்க கேட்டது ஒரு பீரியட் விளையாட்டு. பாடமே வேண்டாம்னு யாரும் ஓட்டு போடல. எங்க பேரைச் சொல்லி எடுக்கிறீங்க, எங்களைக் கேக்கல."

அவர் என்னைப் பார்த்தார். நான் சாக்பீஸைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பிறகு தலைமையாசிரியர் அண்ணியைக் கூப்பிட்டு, "நீங்க சொல்லிக் குடுத்ததா?" என்று கேட்டார்.

"எனக்குத்தான் பீரியடே இல்லையே சார்."

பாடம் தப்பியது, பீரியடும் திரும்பி வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணி வகுப்புக்குப் போனதும், பாடம் உள்ளேயா மைதானத்திலா என்று ஓட்டுக்கு விட்டார். மறுபடியும் தோற்றார். சிரித்துக்கொண்டே புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போனார்.