சிவகாமியம்மாளின் முப்பத்துநான்கு

பத்மநாப சுவாமி கோயிலுக்குப் பக்கத்தில் ஸ்ரீவராகத்தில் வசிக்கும் கோலப்ப பிள்ளை, அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு வருடம் கோப்புகளின் ஓரத்தில் குறிப்பெழுதிய கை, ஓய்வு பெற்ற மறுநாளே கோப்பில்லாமல் தவிக்க ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகையில் ‘பார்த்தேன்’ என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டார். காஸ் சிலிண்டர் சீட்டில் ‘தாமதத்துக்கு விளக்கம் கேட்கவும்’ என்று எழுதி, அடுக்களையிலிருந்த மனைவி சிவகாமியம்மாளுக்கு அனுப்பினார். அம்மாள் அதைக் கடுகு டப்பாவுக்கு அடியில் வைத்தாள். அலுவலகத்திலும் அதுதான் நடக்கும் என்பதால் அவருக்கு அதில் குறையில்லை.

போன ஜனவரியில் கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு லேப்பில் தம்பதிகளுக்கென்று ஒரு பரிசோதனைத் திட்டம் அறிவித்தார்கள். இருவரும் போய் ரத்தம் கொடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது, வைட்டமின் டி நீங்கலாக. முப்பதாவது இருக்க வேண்டியது, கோலப்ப பிள்ளைக்கு ஒன்பது. சிவகாமியம்மாளுக்கு முப்பத்துநான்கு.

கோலப்ப பிள்ளை இதை மேல்முறையீட்டுக்குக் கொண்டுபோனார். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஹரிகுமாரிடம், “இதில என்னமோ பிசகு இருக்கு சாரே. தினசரி ஒரு மணிக்கூர் நான் சட்டையில்லாம நிக்கேன்” என்றார்.

“எவிடெ?”

“பத்மநாப சுவாமி கோயில்ல. ஒருநாள் முடக்கம் கிடையாது.”

“எத்ர மணிக்கு?”

“நடை தொறந்த ஒடனே நிர்மால்யம் தொழப் போவேன். மூணரை மணி.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “வெளுப்பினு மூணரைக்கா? சூரியன் அப்போ உறங்குகயல்லே, பிள்ளைச் சாரே?”

வாரம் ஒன்றாக எட்டு மாத்திரையும், காலை வெயிலில் கொஞ்ச நேரமும் என்று எழுதிக் கொடுத்தார். விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அன்று சாயங்காலம் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது: டி குறைந்தவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் கூடுதல். கோலப்ப பிள்ளை அதை மூன்று முறை வாசித்தார். குறைந்தவனுக்கு வரும், ஆகவே குறையாதவனுக்கு வராது. அவருடைய தர்க்கத்தில் இதற்குமேல் படி கிடையாது. வீட்டில் புற்றுநோய்க்கான ஒரே தகுதியுள்ள விண்ணப்பதாரர் தாம்தான் என்று தீர்மானித்துவிட்டார்.

மறுநாளிலிருந்து பதினொரு மணிக்கு மொட்டைமாடியில் பாய் விரித்து, வெற்றுடம்பில் எண்ணெய் தேய்த்துக் கிடந்தார். பக்கத்து வீட்டுச் சாம்பசிவன் தம் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார்.

“என்ன ஓய், வடகமா, வத்தலா?”

“சிரியும் சாமி, சிரியும். உமக்கு டி எத்தனைன்னு தெரியுமா?”

“எனக்கெதுக்கு ஓய் அதெல்லாம்? ஒரு பக்கமே கிடக்காதேயும், கருகிடப் போறது. திருப்பிப் போடச் சொல்லும் மாமிகிட்ட.”

சிவகாமியம்மாளுக்கு மட்டும் எப்படி முப்பத்துநான்கு என்பதை யாரும் விசாரிக்கவில்லை. அவள் வெயிலில் மிளகாய் உலர்த்தினாள், துணி உலர்த்தினாள், சாலைக் கடைத்தெருவுக்குக் குடையில்லாமல் நடந்தாள். வீட்டிலிருந்த ஒரே நல்ல குடை முப்பத்தொரு வருடமாக அலுவலகம் போய்வந்துகொண்டிருந்தது.

பிப்ரவரியில் ஒருநாள் மாடிக்கு மோர் கொண்டுவந்தவள், தம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“இஞ்சேருங்க. இடது மாருல கெட்டியா என்னமோ தட்டுப்படுகு. வேதனை ஒண்ணும் இல்லை. ஒரு டாக்டரைக் கண்டா என்ன?”

கோலப்ப பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. “ஒனக்கு எத்தனை?”

“என்னது எத்தனை?”

“டி.”

“முப்பத்துநாலுன்னு நீங்கதானே சொன்னியோ.”

“பொறவு? எனக்கு ஒம்பது. வரதுன்னா எனக்கில்லா வரணும்? ஒனக்கு என்னத்துக்கு டாக்டர்?”

கீழே வந்ததும் அவளுடைய பரிசோதனைத் தாளை எடுத்தார். ஓரத்தில் சிவப்பு மசியில், அலுவலகப் பழக்கப்படி ஆங்கிலத்தில், ‘இடது மார்பில் கட்டி என்று புகார். டி 34. மேல்நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார். கோப்பில் சேர்த்துக் கட்டினார். நாடா முடிச்சு பிரமாதமாக விழுந்தது.

மார்ச்சில் அவள் மறுபடியும், “அது இப்பமும் அப்படியே இருக்கு” என்றாள்.

“அந்த ஃபைல் குளோஸ் ஆயாச்சு, சிவகாமி.”

அவளும் சிரித்தாள். இருவரும் சேர்ந்துதான் சிரித்தார்கள் என்பதை இங்கே நியாயத்துக்காகப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ஏப்ரலில் விஷுப் பண்டிகைக்குக் கொச்சியிலிருந்து மகள் நீது வந்தாள். அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டே அம்மா சங்கதியைச் சொல்ல, நீது தொட்டுப் பார்த்தாள். பிறகு கூடத்துக்கு வந்து அப்பாவைப் பார்த்தபடி நின்றாள்.

“அம்மா உங்ககிட்ட பறஞ்சாளா?”

“அவளுக்கு டி முப்பத்து…”

“நான் அதைக் கேக்கல்லப்பா.”

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். மறுநாள் காலை பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நேரம் வாங்கியிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் பழைய ரிப்போர்ட்டெல்லாம் எடுத்துவரச் சொன்னார்கள். கோலப்ப பிள்ளை கோப்பைப் பிரித்தார். அந்தத் தாளை உருவினார், நான்காக மடித்தார், சட்டைப் பைக்குள் வைத்தார். பணியிலிருந்த காலத்தில் ஒரு கோப்பிலிருந்தும் அவர் ஒரு தாளை உருவியதில்லை. உருவிய இருவருக்கு மெமோ கொடுத்து, அதிலொருவரின் பதவி உயர்வையே நிறுத்தியிருக்கிறார்.

டாக்டர் ஸ்ரீப்ரியா சின்ன வயதுக்காரி. திரைக்குப் பின்னால் சிவகாமியம்மாளைப் பரிசோதித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நீது பில் கட்டப் போயிருந்தாள்.

“இது கண்டிட்டு எத்ர நாளாயி, அம்மா?”

சிவகாமியம்மாள் தரையைப் பார்த்தாள். “போன வாரம். குளிக்கும்போ பாத்தேன்.”

டாக்டர் ‘ஒரு வாரம்’ என்று எழுதினாள்.

மனைவி பொய் சொல்லி அவர் கேட்டதில்லை. கொழுந்தியாள் சேலை நன்றாக இருக்கிறது என்றுகூட அவள் பொய் சொன்னதில்லை. இந்தப் பொய் யாருக்காக என்பதற்கு மட்டும் எந்தக் குறிப்பும் தேவைப்படவில்லை. கோலப்ப பிள்ளையின் காது மடல் சுட்டது. மாதக்கணக்கில் மாடியில் கிடந்தும் ஏறாத சூடு அது.

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். மடிப்பைப் பிரிக்க அவருக்குக் கை வரவில்லை, டாக்டர்தான் பிரித்தாள். சிவப்பு எழுத்துக்களை மெல்லிய குரலில் வாசித்தாள். தேதியையும் வாசித்தாள்.

“இது ஆரு எழுதியது?”

“நான்.”

“டாக்டரா?”

“இல்லை. செக்‌ஷன் ஆபீசர்.”

அவள் சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். “அங்கிளே, டி குறைஞ்சவங்ககிட்ட சில கேன்சர் கூடுதலா காணுதுன்னு சில ஆய்வு சொல்லுது. குறைவுதான் காரணமான்னு இன்னும் உறுதியில்லை. மாத்திரை தின்னா வராதுன்னும் தெளிஞ்சிட்டில்ல. ஆனா டி நல்லா இருந்தா கட்டியைப் பாக்கவே வேண்டாம்னு ஒருத்தரும் சொல்லல்ல” என்றாள். பிறகு ‘ஒரு வாரம்’ என்பதை அடித்து ‘இரண்டு மாதத்துக்கு மேல்’ என்று திருத்தினாள்.

வெளியே நடையில் சிவகாமியம்மாள் கடிந்துகொண்டாள். “எதுக்கு அதை எடுத்துக் காட்டினியோ? நான் ஒரு மாதிரி ஒப்பேத்தி வச்சிருந்தேன்லா.”



பயாப்சி முடிவு வியாழக்கிழமை வந்தது. புற்றுநோய்தான். அறுவை செய்யலாம், பிறகு மருந்து உண்டு, நம்பிக்கை உண்டு என்றாள் டாக்டர். இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் வித்தியாசம் இருந்திருக்குமா என்று கோலப்ப பிள்ளை கேட்டார். “அது பறய முடியாது, அங்கிளே” என்றாள். இருந்திருக்காது என்று அவள் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிகளில் ஒரே கேள்வியைப் பலர் கேட்பார்கள். அட்மிஷனில் நர்ஸ் கேட்டாள், பயிற்சி டாக்டர் கேட்டான், ஸ்கேன் அறையில் கேட்டார்கள்: எத்தனை நாளாச்சு? ஒவ்வொரு தடவையும் சிவகாமியம்மாள் வாய் திறக்கும் முன்னால் கோலப்ப பிள்ளை எழுந்து நின்று, மேலதிகாரிக்கு முன் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: “பிப்ரவரி மாசம். என்கிட்ட சொன்னா. நான் வேண்டாம்னேன். மார்ச்சிலயும் சொன்னா. அப்பமும் வேண்டாம்னேன்.”

அறுவைக்கு முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் வந்து, கோப்பைப் புரட்டியபடி அதே கேள்வியைக் கேட்டார். கோலப்ப பிள்ளை எழுந்தார், கையைக் கட்டினார், சொல்லி முடித்தார். டாக்டர் விழித்தார்.

கட்டிலிலிருந்து சிவகாமியம்மாள் அவர் வேட்டி முனையைப் பிடித்து இழுத்தாள். “இரிங்க. அவரு எத்தனை நாளுன்னுதான் கேட்டாரு. மீதியை அவரு கேக்கல்ல.”