எதிர்வீட்டுக் கையெழுத்து

குன்வோர் முப்பத்தொரு வருடம் தபால் கொடுத்தவள். நார்வேயின் கடலோர ஊரான ஸ்கார்விக்கில் எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்தக் கதவு மழையில் ஊறித் திறக்க அடம்பிடிக்கும், யார் வீட்டில் பெல்லை இரண்டாவது முறை அழுத்தினால் வசவு விழும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் ஓய்வு பெற்ற வருடம்தான் ஊரில் சுவரோவியத் திருவிழா தொடங்கியது. செப்டம்பரில் ஐந்து நாள், எங்கெங்கிருந்தோ ஓவியர்கள் வந்து, கூடை வைத்த கிரேனில் ஏறிப் படம் போடுவார்கள். ஆள் இருந்தது, பெயின்ட் இருந்தது, சுவர்தான் கிடைக்கவில்லை. சுவர் கேட்டுப் போனவர்களை ஊர்க்காரர்கள் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் யாரோ குன்வோர் பெயரைச் சொன்னார்கள்.

அவள் வேலை செய்கிற விதமே தனி. சுவரின் சொந்தக்காரர் வீட்டுக்கு முதலில் போகவே மாட்டாள். அந்தச் சுவரை ஜன்னல் வழியாகத் தினமும் பார்க்கிறவர் வீட்டுக்குத்தான் போவாள்.

“சொந்தக்காரன் அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உள்ள உக்காந்திருக்கான். அதோட மூஞ்சியப் பாத்துக்கிட்டே சாப்பிடுறது எதிர்வீட்டுக்காரங்க. அவங்களைக் கேக்காம எப்படி?” என்பாள்.

எதிர்வீட்டுக் கையெழுத்து விழுந்த பிறகுதான் சொந்தக்காரர் கையெழுத்து. இதில் அவள் படு கறார். முடி திருத்தும் கடை வைத்திருக்கும் மாரித், எதிர்ச் சுவரில் கண்ணே வரையக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றாள். “ரெண்டு கண்ணு நாள் பூரா என்னையே முழிச்சுப் பாத்தா, நான் யார் காதையாவது நறுக்கிருவேன்” என்றாள். வந்த ஓவியரிடம் குன்வோர் அப்படியே சொன்னாள். அவர் ஒரு பெண்ணின் பின்னந்தலையை, அவிழ்ந்து விழும் முடியோடு மூன்று மாடி உயரத்துக்கு வரைந்துவிட்டுப் போனார். இன்றைக்கு மாரித்தின் வாடிக்கையாளர்கள் ஜன்னலைக் கைகாட்டி, “அது மாதிரி வேணும்” என்கிறார்கள்.

பதினான்கு வருடத்தில் நூற்று அறுபது சுவருக்கு மேல் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். ஒரு படத்தின் மேல்கூட யாரும் கரியைப் பூசவில்லை, ஒரு புகார்க் கடிதம்கூட வரவில்லை. இந்த ஊரில் பக்கத்து வீட்டு வேலி ஒரு விரல்கடை உயர்ந்தாலே கடிதம் எழுதுவார்கள். ஆகவே இது சாதாரண விஷயமில்லை.

போன வருடம்தான் சிக்கல் வந்தது. துறைமுகத்து மீன் குளிர்கிடங்கின் சுவர் ஊரிலேயே பெரியது. பூசாத சாம்பல் கான்கிரீட், ஆறு மாடி உயரம், ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. திருவிழாவை நடத்தும் ஸ்டுர்லாவுக்கு அதன் மேல் பல வருட ஆசை. கிடங்குக்காரர் தாமாகவே கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பத்திரிகைக்குச் சொல்லிவிட்டான். போலந்திலிருந்து போக்னா என்ற ஓவியரையும் வரச் சொல்லிவிட்டான். அதற்கப்புறம்தான் குன்வோருக்குத் தகவல் வந்தது.

அந்தச் சுவருக்கு எதிரே ஒரே ஒரு வீடு. வெள்ளை மரவீடு. அதில் ஆர்ன்ஃபின், எழுபத்தொன்பது வயது. பெரிய கப்பல்களுக்கு முன்னால் போய் வழிகாட்டும் படகை ஓட்டியவர். இப்போதும் விடிந்ததும் தன் சின்னப் படகில் போய் நண்டுக் கூடுகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வருவார்.

“முடியாது, தபால்காரம்மா” என்றார், அவள் உட்காருவதற்கு முன்பே.

“நான் இன்னும் கேக்கவே இல்லையே, கேப்டன்.”

“ஊரே பேசுது, நீ வேற கேக்கணுமா? அந்தச் சுவர் எனக்கு வேணும். இங்க பாரு. மழையில வலது ஓரம் மட்டும் நனைஞ்சு கறுத்தா தெற்குக் காத்து, சீக்கிரம் போய்ட்டு வந்துரலாம். முழுச் சுவரும் கறுத்தா தென்மேற்கு, வீட்ல கெட. மழை பெய்யுது, சுவர் காஞ்சிருக்குன்னா காத்து கிழக்கே இருந்து வருது, தைரியமா போகலாம். கலர் கலரா அப்பி வச்சா நான் எதைப் பாக்குறது?”

“போன்ல பாக்கலாமே?”

“போன்ல சொல்றவன் ஓஸ்லோவுல உக்காந்திருக்கான். அவனா வந்து என் படகுல தண்ணி எறைப்பான்?”

குன்வோருக்குப் புரிந்தது. இது அழகு, ரசனை பற்றிய பேச்சு இல்லை. அந்த மனிதர் காலையில் கடலுக்குப் போய்த் திரும்பி வருகிற விஷயம். அப்படியே ஸ்டுர்லாவிடம் வந்து சொன்னாள்.

“சொந்தக்காரர் கையெழுத்து இருக்கு, சட்டப்படி அது போதும்” என்றான் அவன்.

“சட்டத்துக்குப் போதும். எனக்குப் போதாது.”

“ஒரே ஒரு ஆளுக்காக ஊரோட பெரிய சுவரை விடச் சொல்றீங்களா?”

“ஒரே ஆளுதான் அதைத் தினமும் பாக்குறாரு, ஸ்டுர்லா. மத்தவங்க மீன் வாங்கப் போறப்ப பாக்குறாங்க.”

போக்னா வந்து இறங்கியதும் குன்வோர் அவளை ஹோட்டலுக்குக் கூட்டிப் போகவில்லை. நேரே ஆர்ன்ஃபின் வீட்டுச் சமையலறைக்குக் கூட்டிப் போனாள். “நீயே பாத்துக்க” என்று ஜன்னலோரம் உட்கார வைத்தாள். போக்னா அதிகம் பேசாதவள். இரண்டு மணி நேரம் காபியும் சிகரெட்டுமாகச் சுவரையே பார்த்தாள். நடுவில் ஒரு மழை வந்தது. வலது ஓரத்திலிருந்து கருமை மெல்லப் படர்ந்து சுவர் முழுவதையும் மூடியது. அடுப்புக்கு மேலே கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஆர்ன்ஃபினின் கம்பளித் துணிகளையும் அவள் ஒரு பார்வை பார்த்தாள்.

“கலரே வேண்டாம்” என்றாள் கடைசியில். “ஒரு திரவம் இருக்கு, பூசினா கண்ணுக்குத் தெரியாது. ஆனா அந்த இடத்துல தண்ணி ஒட்டாது. மழை பெஞ்சா சுவர் கறுக்கும், படம் மட்டும் வெளுப்பா நிக்கும். காஞ்சா படம் போயிரும். உங்க சுவர் உங்களுக்கே இருக்கும்.”

ஆர்ன்ஃபின் வெகுநேரம் தாடியைச் சொறிந்தார். பிறகு பேனா கேட்டார். கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி எழுதினார்: மழைத் தண்ணீர் மட்டும், குழாய்த் தண்ணீர் அடிக்கக் கூடாது. “குழாய அடிச்சா என் சுவர் பொய் சொல்லும்” என்றார்.

ஸ்டுர்லா துள்ளிக் குதித்தான். இந்த ஊரில் மழைக்கா பஞ்சம்? ஊர்க்காரர்கள் நாங்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னோம். போக்னா மட்டும், ஓரமாக ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிச் சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். “எதுக்கு? நாளைக்கே கொட்டும்” என்று எல்லாருமாகச் சிரித்தோம். திறப்பு நாளுக்கு விருந்தினர்களுக்குக் கொடுக்க முந்நூறு பிளாஸ்டிக் மழைக்கோட்டுகூட வாங்கியாயிற்று. வானம் நம் சொல் கேட்கும் என்று நம்புகிற கிறுக்கு, மழையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் வரும்.

போக்னா திரவத்தைப் பூசக் கிரேனில் ஏறிய அன்றைக்கு மழை நின்றது. புதன் வெயில், வியாழன் வெயில், வெள்ளி வெயில். சனிக்கிழமை திறப்பு விழா அன்று மேகம் என்று பெயருக்குக்கூட ஒன்றில்லை. ஐந்நூறு பேர் முந்நூறு மழைக்கோட்டோடு, ஊரிலேயே பெரிய வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பத்திரிகைக்காரர் சுவரைத் தொட்டுப் பார்த்தார். யாரோ சிரித்தார்கள்.

ஸ்டுர்லாவின் கழுத்து சிவந்துவிட்டது. கிடங்கில் தரை கழுவும் பெரிய குழாயை இழுத்து வரச் சொன்னான். குன்வோர் போய்ச் சுவருக்கு முன்னால் நின்றாள்.

“தள்ளுங்க, குன்வோர்.”

“எழுதி வாங்கியிருக்கோம்.”

“மானம் போகுது! அஞ்சு நிமிஷம் நனைச்சுக் காட்டிட்டு நிறுத்திரலாம். அவருக்குத் தெரியவா போகுது?”

“அவரு ஜன்னல்லதான் நிக்கிறாரு. நீ திரும்பிப் பாரு.”

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. “மொதல்ல இந்தம்மாவை நனைக்கிறேன், அப்புறம் சுவரை நனைக்கிறேன்” என்று வாய்க்குள் முனகிக்கொண்டான். ஆனால் எழுபத்து மூன்று வயதுப் பெண்மணியை ஐந்நூறு பேர் முன்னால் நனைக்க அவனுக்குத் துணிவு வரவில்லை. குழாய் திரும்பிப் போனது. போகிற போக்கில் அவன் சொன்னான்: “அடுத்த வருஷத்துல இருந்து சொந்தக்காரர் கையெழுத்து மட்டும் போதும். நீங்க ஓய்வெடுங்க.”

அவள் வீட்டுக்குப் போய்த் திருவிழாவின் மஞ்சள் மேல்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அழுதாள். பதினான்கு வருடம் படியேறிய முழங்கால் அன்றைக்குத்தான் வலித்தது. தான் செய்தது சரி என்று தெரிந்தும் துக்கம் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை போக்னா, தன் படத்தைத் தானே பார்க்காமல் கப்பலேறினாள். துறையில் குன்வோரைக் கட்டிக்கொண்டாளே தவிர ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது இன்னும் வலித்தது. பத்திரிகையில் வெறும் சுவரின் படம் அரைப் பக்கத்துக்கு வந்தது.

திங்கள், செவ்வாய், புதன், எல்லாம் வெயில். வியாழன் காலை ஏழு மணிக்குப் போன் அடித்தது.

“தபால்காரம்மா, வந்துருச்சு. காபி போட்டாச்சு. ஓடி வா.”

அவள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள். முழங்காலை மறந்தே போனாள். தென்மேற்கு மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. சுவர் முழுவதும் கறுத்திருந்தது. அதன் குறுக்கே ஆறு மாடி உயரத்தில் ஒரு துணிக்கொடி. கொடியில் வெள்ளைவெளேரென்று காலுறைகள், ஒரு மேஜை விரிப்பு, ஒரு கம்பளிச் சட்டை, நடுவில் பிரம்மாண்டமான நீளக் கால்சட்டை. ஊரெல்லாம் துணியை உள்ளே எடுக்கிற நேரத்தில் அந்தச் சுவர் துணி காயப் போட்டிருந்தது.

“அது என்னோட உள் கால்சட்டை!” என்று கத்தினார் ஆர்ன்ஃபின். “இடது முட்டியில ஒட்டு தெரியுது பாரு! அந்தப் பொண்ணு சும்மா உக்காந்திருக்குன்னு நெனச்சேன்!”

“கேப்டன், ஊரே பாக்கப் போகுது.”

“பாக்கட்டும். நல்ல கம்பளி.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஆறு மணிக்கு வலது ஓரத்துல காலுறை மட்டும்தான் வந்துச்சு. சரி, தெற்குன்னு பூட்ஸை மாட்டினேன். அப்புறம் சட்டை வந்துச்சு. கால்சட்டை வந்ததும் பூட்ஸைக் கழட்டிட்டேன். இப்பத்தான் சுவர் புரியிற மாதிரி பேசுது.”

அதற்குள் தெருவில் ஆள் சேர்ந்துவிட்டது. குளிர்கிடங்குக்காரர்கள் கையுறையோடு வந்தார்கள். மாரித், பாதி முடி வெட்டிய ஒருவரோடு வந்தாள். யாரிடமும் குடை இல்லை, யாரும் போகவும் இல்லை. குன்வோர் போக்னாவை வீடியோ காலில் கூப்பிட்டு, போனைச் சுவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள். அந்தப் பக்கம் சிரிப்பும் விசும்பலும் சேர்ந்து கேட்டது. எங்கள் ஊரில் இதுவரை எழுந்த படங்களிலேயே பெரிய படம் அது. விருந்தினர் ஒருவரும் இல்லை. பார்க்க வேண்டியவர் அத்தனை பேரும் இருந்தோம்.

ஸ்டுர்லா கடைசியில் வந்தான். தலை சொட்டச் சொட்டச் சமையலறை வாசலில் நின்றான். ஆர்ன்ஃபின் அவனுக்கும் ஒரு கோப்பை ஊற்றி வைத்தார். அவன் மேஜையோரம் உட்கார்ந்தான்.

“அடுத்த வருஷத்துக்கு ஒரு சுவர் பாத்து வச்சிருக்கேன்” என்றான் ஸ்டுர்லா, கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு. “பழைய கயிற்று ஆலையோட சுவர்.”

“சரி” என்றாள் குன்வோர்.

“அதுக்கு எதிர்ல யாரு குடியிருக்காங்க?”

அவள் காபியை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு, மழைக்கோட்டின் பொத்தானைப் போட ஆரம்பித்தாள்.

“எந்திரி” என்றாள். “அந்தம்மா எட்டரைக்கு மேல கதவைத் தொறக்க மாட்டாங்க.”