பலூடா நிறத்தில் கியர் ஒயில்

எங்கள் வாகனம் ஒரு பழைய டபுள் கெப். தானே கியர் மாற்றும் ஓட்டோ கியர். இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டுக்கு நெல் மூட்டை ஏற்றுகிற வாகனம் எதற்கு என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில் திருகோணமலையில் நாங்கள் தேடிக் கண்டுபிடித்த ஓட்டோ கியர் வாகனம் அது ஒன்றுதான். மனைவிக்கு இடது முழங்கால் மடங்காது. கிளட்ச் மிதிக்க முடியாது.

அவர் மூதூரில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறார். அந்தப் பாடத்துக்கு அங்கே வேறு ஆசிரியர் இல்லை. குடாவைச் சுற்றிக் கிண்ணியாப் பாலத்தால் தினமும் தானே ஓட்டிப் போய் வருவார். நான் பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். வாகனத்தைப் பராமரிப்பது என் பங்கு.

பராமரிப்பு என்று நான் செய்தது, காலையில் பொனட்டைத் திறந்து, ரேடியேட்டரில் குறைந்திருக்கும் தண்ணீரை நிரப்புவது. பத்திரிகை அலுவலக ஜீப்பின் சாரதி அப்படித்தான் செய்தார். எங்கள் வீடு துறைமுகத்துக்குக் கிட்ட. கிணற்றுத் தண்ணீர் உவர்; குளிக்கலாம், குடிக்க முடியாது. குழாய்த் தண்ணீரை எஞ்சினுக்கு ஊற்றுவது வீண் என்று கிணற்றில் அள்ளி ஊற்றினேன். வாகனத்தோடு வந்த பச்சைக் கூலன்ட் போத்தல் அலுமாரிக்கு மேல் இருந்தது. அது பனி விழும் நாட்டுக்காரருக்கு என்று முடிவு செய்திருந்தேன். யாரையும் கேட்டு எடுத்த முடிவல்ல.

ஊற்றிய அளவைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வந்தேன். முதலில் கிழமைக்கு ஒரு கோப்பை. பிறகு இரண்டு நாளைக்கு ஒன்று. பிறகு தினமும். பக்கத்தில் 'வெயில்' என்று எழுதியிருக்கிறேன். ஒரு நாள் தண்ணீரின் மேல் சிவப்பாக எண்ணெய் மிதந்ததையும் எழுதியிருக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை மனைவி கியரை D-யில் போட்டார். வாகனம் யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. புதன்கிழமை எஞ்சின் சத்தம் போட்டது, சில்லு சுற்றவில்லை. அவர் ரிவேர்ஸிலிருந்து D-க்கு மாற்றும்போது முழுதாக நிறுத்துவதில்லை என்பதை நான் இரண்டு தடவை கண்டிருந்தேன். கியர் பெட்டி அதனால் பழுதாகும் என்று கைத்தொலைபேசிக் காணொளி ஒன்றும் சொன்னது. ஒரு செய்திக்கு இரண்டு ஆதாரம் போதும் என்று பழகியவன். அவரிடம் சொன்னேன். மறுநாள் அவரை முச்சக்கர வண்டியில் பாடசாலைக்குக் கூட்டிப் போனபோது, என்ன நடந்தது என்று கேட்ட ஆசிரியர்களிடமும் சொன்னேன்.

அதன்பின் அவர் பஸ்ஸில் போனார். அநேகமாக நின்றபடி. இரண்டாவது கிழமை முடிவில் முழங்கால் வீங்கியிருந்தது. நகரத்துக்குள் ஒரு பாடசாலைக்கு இடமாற்றம் கேட்டு வெள்ளைத் தாளில் கடிதம் எழுதி, மடித்து, கைப்பையில் வைத்தார்.

"எனக்கு வாகனமும் ஒழுங்கா ஓடத் தெரியாது, பஸ்ஸிலையும் நிக்க ஏலாது. வேற என்ன செய்யிறது?" என்றார்.

உயர்தரச் சோதனைக்கு நான்கு மாதம் இருந்தது. அந்த வகுப்பை யார் எடுப்பார்கள் என்று கேட்டேன். அவர் கைப்பையை மூடினார்.

கிண்ணியாவில் ஓட்டோ கியர் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். குறிஞ்சாக்கேணிக்காரர். எல்லாரும் நானா என்பார்கள். உழவு மெஷினில் கட்டி இழுத்து வரட்டுமா என்று தொலைபேசியில் கேட்டேன். சில்லு நிலத்தில் உருண்டால் பெட்டியில் மிச்சம் இருப்பதும் போய்விடும் என்று சொல்லி, ஏற்றி வர லொறி ஒன்றைப் பிடித்து அனுப்பினார்.

மூன்றாவது கிழமை கராஜில் பெட்டியின் அடியில் ஒயில் வடிக்கும் திருகைக் கழற்றினார். பாடசாலை விட்டு வந்த மனைவியும் கிண்ணியாவில் பஸ்ஸால் இறங்கி வந்து நின்றார். சிவப்பாக வர வேண்டிய ஒயில் இளஞ்சிவப்பாக, பால் கலந்தது போல, நுரையோடு வாளிக்குள் விழுந்தது.

"டீச்சர், பலூடா குடிக்கிறீங்களா?" என்றார் நானா. பிறகு என்னைப் பார்த்தார். "ரேடியேட்டருக்கு என்ன சேர் ஊத்துறீங்க?"

பெட்டியின் ஒயிலை ஆற்றுகிற குழாய் ரேடியேட்டருக்குள்ளால் ஓடுகிறது என்று விளக்கினார். உப்பு அதைத் தின்று ஓட்டை போட்டிருந்தது. ஒயில் தண்ணீருக்குள் போக, தண்ணீர் ஒயிலுக்குள் வந்திருக்கிறது. கியர் மாற்றிய விதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

"கிணத்துத் தண்ணியா?" என்று மனைவி கேட்டார்.

"ஓம்."

"எவ்வளவு நாளா?"

சட்டைப் பையிலிருந்த குறிப்புப் புத்தகத்தைக் கொடுத்தேன். பரிசோதனைக் கொப்பி திருத்துவது போல ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"அவதானமெல்லாம் வடிவா எழுதியிருக்கிறீங்கள். முடிவுதான் பிழை," என்றார். பிறகு, "நான் மூண்டு கிழமையா என்ர கைதான் பிழை எண்டு நினைச்சனான். ஸ்டாஃப் ரூமில சொன்னனீங்கள்தானே. திருத்தத்தையும் அங்கேயே வந்து சொல்லுங்கோ."

பத்திரிகையில் முதற்பக்கப் பிழைக்கு உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் திருத்தம் போடுவோம். அந்த வசதி இங்கே இல்லை.

நானா ரேடியேட்டரை மாற்றினார். புது ஒயில் விட்டு, எஞ்சினை ஓடவிட்டு, கியர்த் தடியை ஒவ்வொரு இடத்திலும் சற்று நேரம் வைத்து, திரும்ப வடித்தார். அப்போதும் பலூடா. நான்காவது தடவைதான் சிவப்பாக வந்தது. ஆனால் உள்ளே இருக்கிற தட்டுகள் தண்ணீரில் ஊறிப் பிய்ந்திருந்தால் பெட்டி அவ்வளவுதான். அதை ஓடித்தான் அறியலாம்.

"மூதூருக்கு ஒருக்கா ஓடிப் பாருங்க. அங்க போய் எஞ்சின நிப்பாட்டாம, சூட்டோட ஒயில் பாக்கிற தடிய இழுத்து வெள்ளத் தாளில துடைங்க. சிவப்பெண்டா தப்பிச்சிட்டு. கறுத்து, கருகின மணம் வந்தா எனக்கிட்டக் கொண்டு வராதீங்க," என்றார்.

அன்று வீடு வரை மெல்ல ஓட்டி வந்தோம்; அடுத்த நாள் காலை மூதூருக்கு மனைவி ஓட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன். கிண்ணியாப் பாலத்து ஏற்றத்தில் பெட்டி வழுக்காமல் கியர் மாற்றியது. ஓரிடத்தில் மாடுகள் மறித்ததால் ரிவேர்ஸ் எடுத்தார். முழுதாக நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, D-யில் போட்டார்.

பாடசாலை முற்றத்தில் எஞ்சினை ஓடவிட்டபடி, முதலில் ஸ்டாஃப் ரூமுக்குப் போனோம். ஏழெட்டு ஆசிரியர்கள் இருந்தார்கள். பிழை அவருடையது அல்ல, நான் ஊற்றிய உவர்த் தண்ணீர் என்று நின்றபடி சொன்னேன். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. கணித ஆசிரியர் கடைசிவரை கேட்டுவிட்டு, "கெமிஸ்ட்ரி டீச்சரிட வீட்டிலயே உலோகத்தை உப்புத் தண்ணியில ஊறப் போட்டனீங்கள்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மனைவியும்.

முற்றத்துக்கு வந்து பொனட்டைத் திறந்தேன். துடைக்க என்னிடம் இருந்தது பழைய பத்திரிகை. அச்சு மையில் நிறம் தெரியாது. மனைவி கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, எழுதாத பக்கம் மேலே வரத் திருப்பித் தந்தார்.

ஒயில் தடியை இழுத்துத் துடைத்தேன். மணந்து பார்த்தேன். கருகல் இல்லை.

"என்ன நிறம்?"

"சிவப்பு."

தானும் குனிந்து பார்த்தார். மணி அடித்தது.

"எஞ்சினை நிப்பாட்டுங்கோ," என்று சொல்லிவிட்டு வகுப்புப் பக்கம் நடந்தார். கடிதத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.