எல்லம்மாள் வாங்கும் உதை

உதை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யோசித்துவிட்டுத்தான் எல்லம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைப்பாள். வலக்கால்காரிக்கு இடப்பக்கம், இடக்கால்காரிக்கு வலப்பக்கம். யார் எந்தக் கால்காரி என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், "கிண்ணம் கவுந்தப்புறம் தெரியும்" என்பாள். செங்கம் ரோட்டிலிருந்து ஆசிரமத்துக்குப் பின்பக்கம் போகும் சந்தில், ஒரு தங்கும் விடுதியின் கீழ் அறையில், பெண்களுக்கு மட்டும் எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுகிறாள். அந்த அறைத் தரையில் எண்ணெய் குடிக்காத இடம் என்று ஒரு சாண் கிடையாது.

மேசைமேல் படுத்தவளின் உடம்பு அவளைக் கேட்டுக்கொண்டா அசைகிறது? கெண்டைக்கால் சதை தனியாகத் துள்ளும். தோள்பட்டை வெடுக்கென்று இழுக்கும். சுண்டுவிரல் மட்டும் யாரையோ கூப்பிடுவதுபோல் மடங்கும். தூக்கம் கண்ணைச் சுற்றுகிற நேரம் பார்த்துக் கால் ஒரு உதை விடும். உதைத்தவள் திடுக்கிட்டு விழித்து, "என்ன ஆச்சு?" என்று உதை வாங்கியவளையே கேட்பாள். எல்லம்மாளுக்கா தெரியும்? ஆளுக்குத் தகுந்தாற்போல் ஒரு பதில் வைத்திருக்கிறாள். வெள்ளைக்காரப் பெண் கண்கள் விரிய "எனர்ஜி?" என்று கேட்டால், "எஸ், எனர்ஜி, வெரி குட்." கிரிவலம் போய்விட்டு வந்த அம்மாளுக்கு, "வாயு அக்கா, வழி விடுது." ஒருமுறை டாக்டரம்மா ஒருத்தி வந்து படுத்து, அவள் காலும் உதைத்தது. அன்றைக்கு மட்டும் எல்லம்மாள் வாயைத் திறக்கவில்லை. "அவங்களே சொல்லட்டும்னு விட்டேன். அவங்களும் ஒண்ணியும் சொல்லல. ரெண்டு பேருமே தப்பிச்சோம்" என்று சிரிக்கிறாள்.

பௌர்ணமிக்கு மறுநாள் உதை ஜாஸ்தி. மலையைச் சுற்றி வந்த கால்களில் நரம்பெல்லாம் முறுக்கேறிக் கிடக்கும். உதைக்கிறவர்களைக்கூடச் சமாளித்துவிடலாம், உதைத்துவிட்டு வருத்தப்படுகிறவர்களைச் சமாளிக்க முடியாது. ரிட்டயர் ஆன தலைமையாசிரியை ஒருவர் வருவார். உதைத்ததும், "ஐயையோ, கால் பட்டுடுச்சே" என்று எழுந்து உட்கார்ந்து, எல்லம்மாளின் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். எல்லம்மாள் தோளெல்லாம் தைல எண்ணெய். கண் எரியும். கழுவிக்கொண்டு வந்து படுப்பார். மறுபடி உதை, மறுபடி தோள், மறுபடி கண். "புடிச்சு வுட்டது கம்மி, கும்புடு வாங்குனது ஜாஸ்தி. எதிர்ல ஒரு உண்டியல் வச்சிருக்கணும், புத்தி இல்லாம போச்சு."

அவளுடைய முன்பல் ஒன்றில் நுனி இல்லை. அது ஓர் இத்தாலிக்காரியின் குதிகால் செய்த வேலை. பார்க்கிறவர்கள் புருஷன்மேல் சந்தேகப்படுகிறார்கள். ஆட்டோ ஓட்டும் காசி கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவான். "ஒடச்சது எவளோ, பேரு எனக்கு" என்று ஸ்டாண்டில் புலம்புவான். அவனுக்கு இன்னொரு குறையும் உண்டு. எல்லம்மாளின் கைகளுக்கு லீவு கிடையாது. பஸ்ஸில் நின்றால் கம்பியைப் பிடித்துவிடும், தூக்கத்தில் தலையணையைப் பிடித்துவிடும். "தலகாணிக்கு இருக்குற யோகம் எனக்கு இல்ல" என்பான். எல்லம்மாளும் விடமாட்டாள். "தலகாணி உதைக்காது" என்பாள்.

இத்தனை பேசுகிறவள் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் அந்த அறை வாசலுக்கு வெளியே சொல்லமாட்டாள். மசாஜ். மகள் கவிநிலாவுக்கு முதலில் வந்த வரன் அந்த வார்த்தையில்தான் போயிற்று. "பொண்ணு தங்கம்ங்க. அம்மா வேலதான்… நாலு பேரு ஒரு மாதிரி பேசுவாங்க" என்று இழுத்துவிட்டுப் போனார்கள். அறை வாசல் பலகையில் 'பெண்களுக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் இருப்பதை எந்த நாலு பேர் நின்று படித்தார்கள்? எல்லம்மாள் அன்றைக்குக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர் வீணாகிறதே என்று ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திக்கொண்டதாகச் சொல்வாள். அந்த அழுகையைக்கூடக் கேலி செய்துதான் அவளுக்குச் சொல்லத் தெரியும்.

இரண்டாவதாக வந்தவன் கீழ்பென்னாத்தூர் பாலாஜி. செய்யாறு பக்கம் கம்பெனியில் வேலை. கவிநிலாவுக்கு அவனைப் பிடித்துவிட்டது. போன் அடித்தால் மொட்டை மாடிக்கு ஓடுகிறாள், இறங்கி வரும்போது முகம் வேறு மாதிரி இருக்கிறது. இதையும் கெடுத்துவிடக்கூடாது என்று எல்லம்மாள் காசியிடம் ஓயாமல் புலம்பினாள். காசி யாரையும் கேட்காமல் பாலாஜி வீட்டில், "வீட்ல அவங்க ஆயுர்வேத ஆஸ்பத்திரில வேல" என்று சொல்லிவிட்டு வந்தான். "ஆஸ்பத்திரினு சொல்லிட்டியே, ஊசி போடச் சொன்னா இன்னா பண்றது?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பாலாஜியின் அம்மா திரௌபதி வீடு பார்க்க வந்தாள். மல்லாட்டைக் காட்டில் வேர்க்கடலை பிடுங்கிக் குனிந்து நிமிர்ந்து உரமேறிய உடம்பு, அளந்து பேசும் வாய். ஆம்பளைகள் காசியின் ஆட்டோவில் கல்யாண மண்டபம் பார்க்கப் போனார்கள். எல்லம்மாள் தன் கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்காரி எப்படி உட்காருவாளோ அப்படி உட்கார்ந்திருந்தாள். எப்படி உட்காருவாள் என்று அவளுக்குத் தெரியாததால், போட்டோவுக்கு உட்கார்ந்தவள்போல் இருந்தாள்.

காபி டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்த திரௌபதி அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மாடி… இடுப்பு புடிச்சிக்கிச்சு."

நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. முகம் வேர்த்துவிட்டது.

"நீங்க ஆஸ்பத்திரில தான இருக்கீங்க? எதுனா மாத்திர இருந்தா குடுங்களேன்."

அந்த வீட்டில் தலைவலி மாத்திரைகூட இல்லை. எல்லம்மாள் அலமாரியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள். அங்கே இருந்தது தைல எண்ணெய் மட்டும். தொட்டால் கை காட்டிக்கொடுத்துவிடும். தொடாவிட்டால் இந்தப் பொம்பளை வலியில் துடிக்கிறாள். கதவைச் சாத்திவிட்டு, பாயை விரித்து, திரௌபதியைச் சுவர்ப் பக்கம் பார்த்து ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். நர்ஸ்மாதிரி மேலாக ரெண்டு தடவு தடவினால் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவள் கைகள் யார் சொன்னதைக் கேட்டன? இடுப்பிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து முழங்காலுக்குப் பின்புறம், அங்கிருந்து கெண்டைக்கால் என்று கட்டைவிரல்கள் பாட்டுக்கு இறங்கின. திரௌபதியின் மூச்சு நீண்டது. தொடைச் சதை லேசாகத் துள்ளியது. எல்லம்மாளுக்கு அது என்ன அறிகுறி என்று தெரியும், நகர்ந்திருக்கவேண்டும். ஆஸ்பத்திரிக்காரி நகர்வாளா என்று யோசித்துக்கொண்டிருந்ததில் நேரம் தப்பிவிட்டது. கால் விட்ட உதை நேராக மோவாயில் விழுந்தது. பாயருகே இருந்த காபி டம்ளர் தட்டுப்பட்டு உருண்டு அடுப்படி வாசலில் நின்ற கவிநிலாவின் காலடியில் போய் நின்றது.

"ஐயோ! பொண்ணு குடுக்குறவங்கள உதைச்சிட்டனே!" திரௌபதி எழப் பார்த்தாள், இடுப்பு விடவில்லை. தொட்டுக் கும்பிடக் கையைப் பின்னால் நீட்டினாள், எட்டவில்லை. காற்றையே தடவினாள். கண் கலங்கிவிட்டது.

எல்லம்மாளுக்குப் பாவமாகப் போயிற்று. "விடுங்க அண்ணி, இன்னாத்துக்கு இதுக்கெல்லாம். எங்க மசாஜ் ரூம்ல தெனம் வாங்குறதுதான்" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. கவிநிலா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"மசாஜா?" என்றாள் திரௌபதி, சுவரைப் பார்த்தபடியே.

ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று எல்லம்மாள் தேடிப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றும் அகப்படவில்லை.

"ஆமா அண்ணி. ஆஸ்பத்திரி இல்ல, எனக்கு ஊசி போடக்கூடத் தெரியாது. மசாஜ்தான். பொம்பளைங்களுக்கு மட்டும். ஊரு தப்பா பேசுற வேலதான், நான் தப்பா பண்ணல. இந்தக் கையிலதான் அவள படிக்க வச்சேன். பொய் சொன்னது நாங்க, பொண்ணு மேல தப்பு இல்ல. அவள அதுக்காக வேணாம்னு சொல்லிடாதீங்க."

எல்லம்மாள் துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். மோவாய் வலிக்க ஆரம்பித்திருந்தது. எழுந்துகொள்ள ஒரு கையைத் தரையில் ஊன்றினாள்.

திரௌபதி பல்லைக் கடித்துக்கொண்டு, முனகி, சுவரிலிருந்து இந்தப் பக்கம் புரண்டு படுத்தாள். புடவையை முழங்கால்வரை தள்ளிவிட்டு, எண்ணெய் படாத மற்றக் காலைத் தூக்கி எல்லம்மாளின் மடியில் வைத்தாள்.