ஜன்னல் பக்கத்து நீலம்

கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுப் படுக்கையறையில், ஜன்னலுக்கும் கதவுக்கும் இடைப்பட்ட சுவரில், ஓராண்டு காலம் இரண்டு நீலத் திட்டுகள் இருந்தன. சாப்பாட்டுத் தட்டின் அளவுக்கு மேல் இரா. என் மனைவி பெயின்டரிடம் சொல்லிப் பூசச் செய்தவை. எனக்கு அவற்றின் வேறுபாடு மாலையில் மட்டுமே பிடிபட்டது: ஜன்னலை ஒட்டியது ஒரு சாயல் அழுத்தம், கதவை ஒட்டியது சற்று வெளிறியது.

கடை வெளிச்சத்தில் அவள் எந்த நிறத்தையும் நம்பியதில்லை. புடவை எடுக்கப் போனால், விரித்த புடவையைக் கையோடு கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடித்துப் பார்ப்பாள். இப்பக்கத்துப் பெண்கள் பலரும் செய்வதே. சுவரை வாசலுக்குக் கொண்டுபோக இயலாது. ஆகவே காலை வெயிலிலும், கல்வராயன் மலைக்குப் பின்னால் பொழுது இறங்கும் நேரத்திலும் சில நாள் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இருந்தாள்.

மருத்துவமனைக்குப் புறப்பட்ட காலையில், கார் வந்து நின்ற பிறகு, ஜன்னல் பக்கத்துத் திட்டைக் காட்டி, "இதுவே இருக்கட்டுங்க" என்றாள். அருகில் வேறு எவரும் இல்லை. அவள் வீடு திரும்பவில்லை.

சாவு நேர்ந்த வீட்டில் ஓராண்டுக்குச் சுண்ணாம்புகூட அடிப்பதில்லை. அந்த அறையில் எனக்கு உறக்கம் வரவில்லை, கூடத்தில் படுத்துக்கொண்டேன். வருஷ திதி முடிந்து, பொங்கலுக்கு முன் பெயின்டரை வரச் சொன்னேன். பூசி முடித்ததும் கட்டிலை மீண்டும் உள்ளே போட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். அது இயலுமா என்பதில் எனக்கே ஐயம் இருந்தது. சின்னசேலத்திலிருந்து மனைவியின் தங்கையும் வந்திருந்தாள்.

"ரெண்டுத்துக்கும் இன்னா சார் வித்தியாசம்? ஒண்ணுல ஒரு சொட்டு ஜாஸ்தி, ஒண்ணுல கம்மி" என்றார் பெயின்டர்.

"உனுக்கு அப்படித்தான் தெரியும்" என்றாள் மைத்துனி. "வூட்டுல கொழம்பும் ரசமும் ஒண்ணுன்னு ஊத்துனா சும்மா இருப்பியா?"

"அப்படித்தாங்க்கா ஊத்துது. துன்னுக்கினுதான் கீறேன்."

அவள் சிரித்துவிட்டு, தன் முந்தானையை இரண்டு திட்டுகளின் மீதும் வைத்துப் பார்த்தாள். "ஜன்னலாண்ட இருக்கறதுதான் மாமா. அக்கா இத்ததான் எடுத்திருக்கும்."

சரியாகவே சொன்னாள். நான், "கதவுப் பக்கத்தது" என்றேன்.

"இன்னா மாமா, அக்கா உங்ககிட்ட அப்படியா சொல்லுச்சு?"

"அதையே அடிங்க" என்று பெயின்டரிடம் சொன்னேன்.

என் மனைவி தேர்ந்த நிறத்தில் அறை நிறைவடைந்தால், அதை அவளுக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் ஒவ்வொரு காலையும் எழும். மற்ற நீலத்தில் எவருக்கும் காட்ட ஒன்றுமில்லை. அது ஒரு சுவர். பெயின்ட் வாசனை அடங்கியதும் கட்டிலை உள்ளே போட்டேன். உறக்கமும் வந்தது.

மைத்துனி வரும்போதெல்லாம் அறை வாசலிலேயே நின்றுவிடுகிறாள். "அக்கா பாத்தா திட்டும் மாமா" என்கிறாள்.

திட்டுவாள்தான்.